மண்ணை நெருங்கும்போதுதான் ஆபத்து

2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், ஆயுத பூஜை. அன்று மாலை ஐந்தரை மணிக்கு மேல் திருச்சி விமான நிலையத்திலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஷார்ஜாவுக்கும் போகவில்லை, உடனே திரும்பி இறங்கவும் இல்லை. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் வானத்திலேயே வட்டமடித்துக் கொண்டிருந்தது. உள்ளே 140 பேருக்கு மேல் இருந்தார்கள். கீழே ஓடுபாதையின் அருகில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசையாக நின்றன. தமிழ்நாடு முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, "எப்போது கீழே இறங்கும், எப்போது கீழே இறங்கும்" என்று தவித்தது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து வாசகர்களுக்கு இது அயலூர்ச் செய்தியன்று. லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. சிங்கப்பூர், மலேசியா சென்றவர்களும் ஏராளம். அவர்கள் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் திருச்சியில்தான். அன்று மாலை எத்தனை வீடுகளில் அடுப்பில் வைத்தது தீய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இங்கே உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த விமானத்தின் பயணத்தில் மிகவும் அபாயமான நேரம் எது? அது வட்டமடித்த இரண்டரை மணி நேரம் என்றுதான் பலரும் விடை கூறுவார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அபாயமான நேரம் தரையை விட்டுக் கிளம்பிய முதல் ஒன்றிரண்டு நிமிடங்களும், தரையைத் தொடுவதற்கு முந்தைய சில நிமிடங்களும், தொட்டபின் ஓடிய அரை நிமிடமுமே. இடைப்பட்ட நேரம் கவலைக்குரியதுதான். ஆனாலும் அதில் விமானிகளுக்கு யோசிக்க அவகாசம் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் பறக்கும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதையை நோக்கி இறுதியாக அணுகித் தரையிறங்குவதற்கு ஆகும் நேரம் அதில் சுமார் 4 விழுக்காடுதான். ஆனால் உலகில் நிகழும் உயிர்ச்சேத விபத்துகளில் ஏறத்தாழப் பாதி அந்தச் சிறு பகுதியில்தான் நிகழ்கின்றன. கிளம்பி மேலேறும் முதல் கட்டம் இன்னும் குறுகியது, 2 விழுக்காடு அளவே. விபத்தில் அதன் பங்கும் அதன் அளவுக்கு மிஞ்சியதே. பூமிக்குப் பத்துக் கிலோமீட்டர் மேலே, கீழே பார்த்தாலே தலை சுற்றும் உயரத்தில் அமைதியாகப் பறக்கும் நேரம்தான் மிகவும் பாதுகாப்பானது.

இது எப்படி? வீட்டில் கையிருப்பு என்று சிறிது பணம் வைத்திருக்கிறோம் அல்லவா? மழை பொய்த்தாலும் மாடு செத்தாலும் அதை வைத்துச் சில நாள் தள்ளலாம். விமானத்தின் கையிருப்பு இரண்டே பொருள்கள்: ஒன்று உயரம், மற்றொன்று வேகம். உயரத்தைச் செலவிட்டு வேகத்தைப் பெறலாம். வேகத்தைச் செலவிட்டுச் சிறிது உயரத்தைப் பெறலாம். எஞ்சின் நின்றுபோன பெரிய ஜெட் விமானம் கல்லைப் போல விழுந்துவிடுவதில்லை. ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் பதினைந்து முதல் பதினேழு கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும். பெரம்பலூருக்கு நேர் மேலே பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு எஞ்சின்களும் நின்றால்கூட, ஐம்பது கிலோமீட்டர் தெற்கேயுள்ள திருச்சி விமான நிலையம் அதற்கு எட்டும் தூரமே. 150 மீட்டர் உயரத்தில் இதே நேர்ந்தால்? எட்டுவது இரண்டரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவும் நேரே எதிரில் இருப்பதுதான். திரும்புவதற்கே உயரம் போதாது.

இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1983 ஜூலை 23ஆம் நாள் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து போய் இரண்டு எஞ்சின்களையும் இழந்தது. கிலோகிராமுக்கும் பவுண்டுக்கும் இடையே நேர்ந்த கணக்குக் குளறுபடிதான் காரணம். அலகுகளை எழுதாமல் விடைமட்டும் எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த விமானம் சுமார் பதினேழு நிமிடம் சறுக்கி, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய ஓடுபாதையில் இறங்கியது. ஒருவரும் இறக்கவில்லை.

2025 ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானமும் இரண்டு எஞ்சின்களின் உந்துவிசையை இழந்தது. தரையை விட்டு எழும்பிய மூன்று விநாடிகளில் எரிபொருளைத் திறந்து மூடும் இரண்டு சுவிட்சுகளும் அடுத்தடுத்து மூடும் நிலைக்கு மாறின என்றும், பத்து விநாடிகள் கழித்து அவை ஒவ்வொன்றாகத் திறக்கும் நிலைக்குத் திரும்பின என்றும் அடுத்த மாதம் வெளியான முதற்கட்ட அறிக்கை கூறியது. ஓர் எஞ்சின் மீண்டும் உயிர் பெறவும் தொடங்கியிருந்தது. ஆனால் எழும்பியதிலிருந்து எல்லாம் முடிய 32 விநாடிகளே ஆயின. விமானத்திலிருந்த 242 பேரில் 241 பேரும், அது விழுந்த மருத்துவக் கல்லூரி விடுதிப் பகுதியில் 19 பேரும் மாண்டனர். கிம்லி விமானத்துக்குப் பதினேழு நிமிடம் கிடைத்தது. இதற்கு இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் எஞ்சின் முழு வலிவு பெற்றிருக்கக் கூடும்.

இனி, ஓடுபாதையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

இறக்கையின் தூக்குவிசை காற்றை எதிர்த்துச் செல்லும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். எழுபது டன் எடையுள்ள ஒரு போயிங் 737 விமானம் எழும்ப வேண்டுமானால் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகம் தேவை. திருச்சி ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டர். நாம் நடந்தால் அரை மணி நேரமாகும் இத்தூரத்துக்குள் அசைவற்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்டியாக வேண்டும்.

அந்த வேகத்தில் விமானம் சுமக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவு? பள்ளியில் படித்த சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். ஏறத்தாழ இருபது கோடி ஜூல் வரும். அரியலூர்ச் சாலைகளில் சிமெண்டு லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று பழகியவர்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்: நாற்பது டன் எடையோடு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஐம்பது லாரிகளை ஒரே நேரத்தில் பிரேக் போட்டு நிறுத்துவது எவ்வளவு வேலையோ, அவ்வளவு வேலை ஒரு விமானத்தின் சக்கரங்களுக்கு இருக்கிறது.

ஆகவேதான் ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் வி-1. அதுவரை ஏதாவது கோளாறு தெரிந்தால் நிறுத்திவிடலாம், எஞ்சிய பாதை போதும். அதைத் தாண்டிவிட்டால் ஓர் எஞ்சின் வெடித்தாலும் நிறுத்தக் கூடாது. மேலே போயே ஆக வேண்டும், ஏனெனில் நிற்பதற்குப் பாதை மிச்சமில்லை. ஓர் எஞ்சினோடு மேலேறும்படிதான் இரட்டை எஞ்சின் விமானங்களை ஆக்குகிறார்கள். ரயிலில் அபாயச் சங்கிலியை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். ஓடுபாதையிலோ அந்த வேகத்துக்குப் பிறகு சங்கிலி இல்லை.

வி-1 கணக்கில் எடை மட்டுமல்ல, காற்றும் வெயிலும் சேரும். அக்கினி நட்சத்திரத்தில் 40 பாகை வெப்பம் அடிக்கும்போது, 15 பாகையில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி எட்டு விழுக்காடு குறைந்துவிடும். இறக்கைக்கும் தாங்கல் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். அதனால் கூடுதலாக ஓட வேண்டும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டும். காற்றின் கதையோ வேறு. எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வீசினால் விமானம் தரையில் 240 கிலோமீட்டர் வேகம் ஓடினாலே இறக்கைக்கு 270 கிடைத்துவிடும். தேவையான ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அதே காற்று முதுகுப் பக்கம் வீசினால் கிட்டத்தட்ட அந்த அளவு நட்டம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. ஆடிக் காற்றில் விமானங்கள் மேற்கே முகம் வைத்துக் கிளம்புவதையும், வாடைக் காற்று வீசும் மார்கழியில் பெரும்பாலும் கிழக்கே கிளம்புவதையும் அப்பக்கம் செல்லும்போது நீங்களே கவனிக்கலாம்.

இவ்வளவு கணக்கும் சரியாக இருந்து, அற்பக் காரணம் ஒன்று அதைக் கெடுத்த கதை அதே திருச்சியில் நடந்தது. 2018 அக்டோபர் 12ஆம் நாள் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், துபாய்க்குக் கிளம்பிய போயிங் 737 விமானத்தில் 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தனர். விமானம் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது தலைமை விமானியின் நாற்காலி முதுகு சட்டென்று பின்னால் சாய்ந்தது. எதையாவது பற்றிக்கொள்ள முயன்றபோது, அவர் கையிலிருந்த உந்துவிசை நெம்புகோல்கள் அவரறியாமலே பின்னுக்கு வந்துவிட்டன. எஞ்சின்களின் வலிவு குறைந்தது. இருவரில் ஒருவரும் அதைக் கவனித்துச் சரிசெய்யவில்லை. போதிய வேகம் வராமலே ஓடுபாதை தீர்ந்தது. கடைசிக் கணத்தில் எழும்பிய விமானம், தரையிறங்க வழிகாட்டும் வானலைக் கருவியின் கம்பங்களை முறித்து, சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலேறியது.

வியப்பு இதோடு முடியவில்லை. சுவரில் மோதியது உள்ளே இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தரையிலிருந்து சொன்னபோதும், கருவிகளெல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் கூறி விமானிகள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். வயிற்றுப் பகுதி கிழிந்த நிலையில் அந்த விமானம் பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு, விடியற்காலையில் பத்திரமாக இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. சுவர் இன்னும் சில அடி உயரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. 2018இல் திருச்சி விமானத்துக்குக் கிடைத்தவை சில விநாடிகள். 2024இல் கிடைத்தது இரண்டரை மணி நேரம். நாடு முழுவதும் அஞ்சியது இரண்டாவதைப் பார்த்து. அஞ்சியிருக்க வேண்டியது முதலாவதைப் பார்த்து.

எல்லாருக்கும் அந்த நல்ல நேரம் வாய்ப்பதில்லை. 1993 ஏப்ரல் 26ஆம் நாள் மராட்டியத்தின் ஔரங்காபாத்தில், தாமதமாக எழும்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையின் முடிவுக்கு அப்பால் சாலையில் போய்க்கொண்டிருந்த லாரி ஒன்றின் மீது மோதியது. லாரியில் இருந்தது பருத்திப் பொதி. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி லாரி புதிதன்று. அச்சுமை எவ்வளவு உயரம் நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். பிறகு அவ்விமானம் மின்கம்பிகளில் சிக்கி விழுந்தது. 118 பேரில் 55 பேர் இறந்தனர். ஓடுபாதை எல்லையில் போகும் சாலைகளில் விமானம் புறப்படும் வேளையில் வண்டிகளைத் தடுத்து நிறுத்துவது ஏன் என்று எரிச்சலடைபவர்களுக்கு இது விடை.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுகும் கொக்கும் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் திரிவதில்லை. விமானமும் பறவையும் சந்திக்கும் இடம் தரையை ஒட்டிய சில நூறு மீட்டர்தான். 1986 செப்டம்பரில் சென்னையில் ஓர் ஏர்பஸ் ஏ-300 விமானம், கிளம்பும் வேளையில் பறவைகள் மோதியதால் ஓட்டத்தை நிறுத்த முயன்று பாதையைத் தாண்டி ஓடி, பிறகு பறக்கவே இலாயக்கற்றுப் போயிற்று. நல்லவேளையாக உயிர்ச்சேதமில்லை. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் குப்பையையும் இறைச்சிக் கழிவையும் திறந்தவெளியில் கொட்டக் கூடாது என்று விதி செய்ததன் காரணம் துப்புரவு மட்டுமன்று.

மேலேறும்போது எஞ்சின்கள் முழு வலிவில் முழங்குகின்றன. இறங்கும்போதோ கையிருப்பை வேண்டுமென்றே செலவழித்துக் கொண்டே வருகிறோம். உயரத்தையும் வேகத்தையும் சிறுகச் சிறுகக் குறைத்து, ஓடுபாதையின் தொடக்கத்தில் இரண்டும் சரியாகத் தீரும்படி செய்ய வேண்டும். முன்னே தீர்ந்தால் பாதைக்கு முன்பே தரை தட்டும், மிஞ்சினால் பாதைக்கு அப்பால் ஓடும். இதற்கு வகுத்த வழி மூன்று பாகைச் சரிவு. பத்தொன்பது மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் இறங்கும் அளவு. கிட்டத்தட்ட ஆயிரம் அடி உயரம் வருவதற்குள் வேகம், சரிவு, சக்கரம், இறக்கை மடிப்புகள் எல்லாம் அமைந்துவிட வேண்டும். அமையவில்லையானால் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலேறிச் சுற்றி வர வேண்டும்.

1990 பிப்ரவரி 14ஆம் நாள் பெங்களூரில் இறங்க வந்த ஏர்பஸ் ஏ-320 விமானத்தில் எஞ்சின்கள் மிகக் குறைந்த வலிவில் இருந்தன. வேகமும் உயரமும் ஒருசேரக் குறைந்தன. ஜெட் எஞ்சின் மோட்டார் சைக்கிள் போன்றதன்று. கைப்பிடியை முறுக்கியதும் சீறுவதில்லை. அடங்கிய நிலையிலிருந்து முழு வலிவு பெறச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகள் அங்கே இல்லை. ஓடுபாதைக்கு முன்பிருந்த கோல்ஃப் மைதானத்தில் விமானம் மோதியது. 146 பேரில் 92 பேர் மாண்டனர்.

2010 மே 22ஆம் நாள் மங்களூரில் நடந்தது இதற்கு எதிர்ப்புறம். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மிகுந்த உயரத்திலும் வேகத்திலும் வந்து, எட்டாயிரம் அடி ஓடுபாதையில் பாதிக்கு மேல் கடந்த பிறகே தரையைத் தொட்டது. மீண்டும் மேலேறும்படி துணை விமானி கூறியும் தலைமை விமானி கேட்கவில்லை. குன்றின் தலையை வெட்டி அமைத்த பாதை அது. முடிவில் பள்ளம். 166 பேரில் 8 பேரே பிழைத்தனர். 2020 ஆகஸ்ட் 7ஆம் நாள் கோழிக்கோட்டிலும் அதே வகைக் குன்றுப் பாதை, கொட்டும் மழை, முதுகுப் பக்கக் காற்று. பாதையில் சரிபாதி கடந்து தொட்ட விமானம் பள்ளத்தில் பாய்ந்து 21 பேர் இறந்தனர்.

தரையை நெருங்கிய விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மறுபடி மேலேறினால் பயணிகள் கலவரப்படுகிறார்கள். விமானிக்கு இறங்கத் தெரியவில்லை என்று பேசிக்கொள்வதும் உண்டு. என்னைக் கேட்டால், அந்த உறுமலைக் கேட்டு நிம்மதியாக மூச்சுவிட வேண்டும் என்பேன். தீரவிருந்த கையிருப்பை அந்த விமானி மீண்டும் சேர்த்துக்கொள்கிறார்.

இப்போது 2024 அக்டோபர் மாலைக்குத் திரும்பலாம். அவ்விமானத்தில் பழுதானது ஹைட்ராலிக் அமைப்பு. எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரங்களை இறக்குவதும், இறக்கை மடிப்புகளை நீட்டுவதும், பிரேக்கை அழுத்துவதும் இந்த அமைப்பின் வேலை. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும்படி இரட்டிப்பாக அமைத்திருக்கிறார்கள். இருந்தாலும் நிற்பதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் பிடிக்கலாம். ஷார்ஜாவுக்கென்று நிரப்பிய எரிபொருளோ வயிறு நிறைய இருக்கிறது. போயிங் 737-800 விமானம் 79 டன் வரை எடையோடு கிளம்பலாம். ஆனால் இறங்குவதற்கு அனுமதித்த உச்ச எடை 66 டன் சொச்சம். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி உண்டு. 737இல் அது இல்லை. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் வீதம், இரண்டரை மணி நேரத்தில் ஆறு டன் குறைந்திருக்கும். சிமெண்டு மூட்டைக் கணக்கில் சொன்னால் 120 மூட்டைகளை இறக்கி வைத்ததற்குச் சமம். அத்தனையும் திருச்சியின் 2,480 மீட்டருக்குள் நிற்பதற்கான முன்னேற்பாடு. இரவு எட்டே கால் மணியளவில் சக்கரங்கள் ஒழுங்காக இறங்கி, விமானம் வழக்கம் போலவே தரையைத் தொட்டு நின்றது.

பயணம் செய்பவர் செய்யத்தக்கது ஏதும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் சன்னல் மூடியைத் திறந்து வைக்கச் சொல்வது வேடிக்கை பார்ப்பதற்காக அன்று. எந்தப் பக்கம் தீ, எந்தப் பக்கம் இறங்கலாம் என்பது வெளியே பார்த்தால்தான் தெரியும். இரவில் உள்விளக்கை மங்கச் செய்வது கண்கள் இருட்டுக்குப் பழகுவதற்காக. நாற்காலியை நிமிர்த்தச் சொல்வது பின்னால் இருப்பவர் வெளியேறுவதற்காக. பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் அனைவரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே ஒரு புது வகை விமானத்துக்கு அனுமதி தருகிறார்கள். அந்தச் சோதனையில் ஒருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை.

2024 ஜனவரி 2ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், பாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் ஐவர் இறந்தனர். பெரியதில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர். பின்னர் அந்த விமானம் முழுதும் எரிந்து கரியாயிற்று. அவர்கள் பைகளை மேலேயே விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு ஆண்டு சம்பாதித்ததைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் ஒருவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை அறிவேன். அதனால் ஏறும்போதே பாஸ்போர்ட்டையும் பணத்தையும் பெட்டியில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியை விட்டு இறங்க அப்போது மனம் வரும்.